தீ மூட்டாத மூன்றாம் தொட்டி

என் அக்கா புருஷனுக்குத் திருடன் என்ற பெயரை வாங்கிக் கொடுத்தவன் நான். ஆரணியில் பழைய ஆட்களைக் கேட்டால், சாயப்பொடியை எடுத்து வெளியே விற்றார், முதலாளி கண்டுபிடித்து விரட்டினார் என்பார்கள். எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டால், "கம்ப்யூட்டர்லயே தெரிஞ்சிடுச்சாமே" என்பார்கள். அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் மாட்டியவன் நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. டிப்ளமோ முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். பால் பண்ணைக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும் சூட்டை அளந்து பதிவு செய்யும் கருவி விற்பதுதான் தொழில். தொட்டியில் சென்சார், சுவரில் ஒரு பெட்டி, மேஜையில் ஒரு கம்ப்யூட்டர். நிமிடத்துக்கு நிமிடம் எத்தனை டிகிரி என்று அதுவே எழுதிக்கொள்ளும். பட்டுக்குச் சாயம் போடும் எங்கள் ஊர்ப் பட்டறைகளிலும் இதை விற்கலாமே என்று மேனேஜரிடம் சொன்னேன். சொந்த ஊரில் நாலு பேர் என்னை இன்ஜினியர் என்று கூப்பிட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. அதைவிட வெட்கப்பட வேண்டியவை பின்னால் வருகின்றன.

மாமாதான் அந்தச் சாயப்பட்டறையில் மாஸ்டர். தொட்டியில் தண்ணீர் எந்தப் பதத்துக்கு வந்திருக்கிறது என்று பார்க்க அவருக்கு வலது கையின் இரண்டு விரல் போதும். கழிகளாகக் கட்டிய பட்டு நூலைக் கம்பில் தொங்கவிட்டுத் தொட்டியில் திருப்பிக்கொண்டே இருப்பார். நடுவில் தண்ணீரில் முங்கி வந்த கம்பின் நுனியை இரண்டு விரலால் ஒரு நொடி தொடுவார். "இன்னும் ரெண்டு கட்டை தள்ளு" என்பார். சில சமயம், "போதும், இழு" என்பார். அவ்வளவுதான் கணக்கு.

அவரை மகான் ஆக்க நான் விரும்பவில்லை. பொல்லாத வாய் அவருக்கு. அக்கா கல்யாணத்தில் பந்தியில் வைத்து, "மச்சான் படிச்சிகினே இருக்கறாரு, எப்ப முடியும்னு சோசியர கேக்கணும்" என்று சொல்லி ஊரையே சிரிக்க வைத்தார். நான் இரண்டு பாடத்தில் தேறாமல் நின்ற வருடம் அது. அந்த வாயை அடைக்க ஒரு கருவி கிடைத்தது என்ற குஷி எனக்குள் இருந்தது. மனிதர்கள் பழைய கோபத்தை எங்கெங்கோ சுமந்து போகிறார்கள். நான் அதை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோனேன்.

பட்டறையில் மூன்று தொட்டி. முதல் இரண்டுக்கும் கீழே விறகடுப்பு. மூன்றாவது, சாயம் போட்ட நூலை அலசும் பச்சைத் தண்ணீர்த் தொட்டி. அதன் கீழே அடுப்பே கிடையாது. "எல்லாத்துக்கும் மாட்டுங்க தம்பி, ஒண்ணத்த மட்டும் எதுக்கு உடணும்" என்றார் முதலாளி. தண்ணீர்த் தொட்டிக்கு எதற்குச் சென்சார் என்று சிரித்துக்கொண்டே மாட்டினேன்.

அடுத்தது பெட்டி. சென்சார் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் பெட்டி அது. ஆவியும் தண்ணீரும் தெறிக்காத இடமாக வேண்டும். முதலாளி கை காட்டினார். "சாமி படத்தாண்ட மாட்டு. புது மிஷினு, சாமி பார்வையில இருக்கட்டும்." உண்மையிலேயே அந்தச் சுவர் ஒன்றுதான் காய்ந்து கிடந்தது. படத்துக்கு ஒரு பக்கமாக ஒரு பலகை, பலகைமேல் காமாட்சி விளக்கு. அதற்கு ஒரு முழம் மேலே நானே துளை போட்டு, நானே திருகாணி முறுக்கிப் பெட்டியை மாட்டினேன். முதலாளி சந்தனமும் குங்குமமும் வைத்தார். நான் கைகூப்பிக் கும்பிட்டேன்.

அந்த விளக்குக்கு ஒரு முறை உண்டு. காலையில் அடுப்பில் முதல் கட்டையை வைக்கும் முன்பு மாஸ்டர் அதை ஏற்றுவார். முதல் ஈடு நூல் சாயம் ஏறி வெளியே வரும்வரை அது எரிய வேண்டும். வந்த பிறகு பூவால் தொட்டுக் குளிர வைப்பார். வாயால் ஊதக்கூடாது, அணைத்தேன் என்றும் சொல்லக்கூடாது. செவ்வாய், வெள்ளியில் திரி ஒன்றுக்கு இரண்டு. எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு இது தினம் பல் விளக்குவது மாதிரி. பார்த்தும் பார்க்காமல் போகிற சமாச்சாரம்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, முதலாளி போன் செய்தார். எண் நிலையில் நிற்கவில்லையாம். எண்பத்து நாலு என்கிறது, கண் மூடித் திறப்பதற்குள் தொண்ணூற்று மூன்று என்கிறது, மறுபடி எண்பத்தெட்டு. நான் போய் இறங்கியபோது மாமா பட்டறை வாசலில் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், உன் மிஷினுக்கு ஜுரம் வந்துகினு போவுது. நம்ம டாக்டராண்ட காட்டலாமா?"

வாசலில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். சிரித்த நாலு பேர் முகத்தையும் ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

என்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்தேன். கம்பி முடுக்கிய திருகாணிகளை ஒவ்வொன்றாக மறுபடி இறுக்கினேன். பம்பு மோட்டாருக்குப் போகும் கரண்ட் ஒயரோடு சென்சார் கம்பியும் ஒரே குழாயில் போயிருந்தது. அதைப் பிரித்து வேறு வழியாக இழுத்தேன். எர்த் சரியில்லையோ என்று தரையில் புதிதாகக் குழி தோண்டி உப்பும் கரியும் போட்டேன். முதல் தொட்டியின் சென்சாரை இரண்டாவதிலும் இரண்டாவதை முதலிலும் மாற்றிப் பார்த்தேன். ஐஸ் கம்பெனியில் ஒரு கட்டி வாங்கிவந்து, உடைத்து, தண்ணீரில் போட்டு, சென்சாரை அதில் வைத்தேன், பூஜ்யம் காட்டியது. கொதிக்கும் தண்ணீரில் வைத்தேன்; நூறு காட்டியது. பிசகே இல்லை. அத்தனை அழகாகப் பிசகில்லாமல் இருந்ததே, அங்கேயாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சென்னையில் காலை பஸ் பிடித்தால் ஆரணியில் இறங்க மத்தியானம் ஆகும். சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குப் போவேன். சாயந்திரம் பஸ். நான் போன மூன்று தடவையும் இதுதான் நடைமுறை. முதல் ஈடு முடிந்து, விளக்கு குளிர்ந்து பல மணி நேரம் ஆன பிறகுதான் நான் உள்ளே நுழைவேன்.

"காலையில வா மச்சான்" என்றார் மாமா. அன்றைக்குக் கேலி இல்லை. "பகல்ல சாது மாதிரிதான் கீது. காலையில வந்து என்கூட நின்னு பாரு. வெள்ளிக்கிழமைன்னா இன்னும் மோசம்."

வெள்ளிக்கிழமை என்று வாயாலேயே சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மிஷினுக்கு ஏது மாமா வெள்ளிக்கிழமை?" என்றேன். முந்தைய நாளே வந்து அக்கா வீட்டில் தங்கியிருந்தால் முடிந்தது விஷயம். தங்கவில்லை. அவர் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே அவர் கிண்டலையும் கேட்க எனக்கு மனசில்லை.

மேனேஜரைப் போனில் கேட்டேன். "சராசரி போட்டு விடுப்பா" என்றார். கம்ப்யூட்டரில் ஒரு மாற்றம் செய்தால் போதும்; வருகிற எண்ணை அப்படியே காட்டாமல், பத்து நிமிடத்துக்குச் சராசரி எடுத்துக் காட்டும். செய்தேன். குதித்துக்கொண்டிருந்த எண் பெட்டிப் பாம்பாக அடங்கியது. ரிப்பேர் முடிந்தது என்று முதலாளியிடம் கையெழுத்து வாங்கினேன். எதை ரிப்பேர் செய்தேன்? நோயாளி கத்தாமல் இருக்க வாயைக் கட்டிவிட்டு, குணமாகிவிட்டது என்றேன்.

அதன் பிறகு முதலாளி ஒரு சட்டம் போட்டார். தொண்ணூறு காட்டினால் விறகை இழுத்துவிட வேண்டும், அதற்கு மேல் போனால் பட்டின் பளபளப்பு போய்விடும். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அது தொண்ணூறு காட்டுது. தண்ணி தொண்ணூறு இல்ல. எம்பதுகூட தாண்டல, இந்த சூட்டுல சாயம் நிக்காது. என் வெரலு சொல்லுது" என்றார்.

"விரல் பொய் சொல்லும் மாமா. மிஷின் சொல்லாது."

இந்த ஒரு வாக்கியத்துக்காக என்னை எதில் போட்டுக் கொதிக்க வைத்தாலும் தகும்.

அக்காவிடம் போய் முறையிட்டேன். மாமா எண்ணை மதிக்காமல் விறகு தள்ளுகிறார், கருவி தோற்றுப்போனால் என் வேலைக்கு ஆபத்து என்றேன். அக்கா அவரிடம் பேசினாள். "அவன் ஒருத்தன்தான் எங்கூட்ல படிச்சவன். ஊர்ல அவன் மானம் போவலாமா? அவன் சொல்ற மாதிரிதான் செஞ்சிட்டு போயேன்." மாமா பெண்டாட்டி பேச்சைக் கேட்கிற ஆள் இல்லை. அன்றைக்கு மட்டும் கேட்டார். மறுநாளிலிருந்து தொண்ணூறு காட்டியதும் விறகை இழுத்தார். எனக்காக.

நாலைந்து மாதம் கழித்து, ஒரு பெரிய ஜவுளிக்கடையிலிருந்து புடவைகள் திரும்பி வந்தன. சந்தன நிற உடம்பு, அரக்கு பார்டர். முதல் தண்ணீரிலேயே அரக்கு ஓடிச் சந்தன நிறத்தில் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. கல்யாணப் புடவைகள். முதலாளி என்னை வரச் சொன்னார். அந்த நாட்களின் பதிவு முழுவதும் வேண்டும் என்றார்.

அரக்கு போட்டது முதல் தொட்டியில்தான், காலை முதல் ஈட்டில். ஆகவே முதல் தொட்டியின் பதிவை மட்டும் அச்செடுத்தேன். மற்ற இரண்டையும் எடுத்துக் காகிதத்தை வீணாக்குவானேன்? நாள் தவறாமல் தொண்ணூறு. கோடு போட்டது மாதிரி தொண்ணூறு. மாஸ்டர் சொன்னபடி செய்திருக்கிறார் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அவரைக் காப்பாற்றும் காகிதம் என்றே நினைத்துக் கொடுத்தேன். "கருவி சோதிக்கப்பட்டது, பதிவு சரியானது" என்று கீழே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

முதலாளி காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"சூடு கரெக்டா இருக்குது. நேரம் கரெக்டா இருக்குது. அப்ப சாயம் ஏன் நிக்கல? பொடியும் ஆசிட்டும் அளவா போட்டிருந்தா நின்னிருக்கும் இல்ல? மிச்சம் எங்க போச்சு?"

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவர் முதலாளியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "சூடு பத்தலன்னு நான் அப்பவே சொன்னேனா இல்லியா? நீ சொல்லு மச்சான்."

பட்டறையே நின்றது. கம்பு திருப்புகிறவர்களும் கையை நிறுத்திவிட்டார்கள். "ஆமாம், சொன்னார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "எனக்கே சந்தேகமாக இருக்கிறது, இன்னொரு தடவை பார்க்கிறேன்" என்றாவது சொல்லியிருக்கலாம். என் கையெழுத்து முதலாளி கையில் இருந்தது. வேறு மூன்று பட்டறைக்காரர்கள் கருவி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

"மிஷின் சரியாத்தான் இருக்குது" என்றேன்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பதினோரு வருஷம் வேலை செய்த இடத்தில் செருப்பைத் தேடி மாட்டிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்தான் ஆயிற்று.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. ஒரு பட்டறையில் பொடி திருடினார் என்றால் இன்னொரு பட்டறையில் யார் சேர்ப்பார்கள்? கடைத்தெருவில் அக்கா நடந்தால் பேச்சு நின்றது. கடைசியில் தெள்ளார் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் வேலை கிடைத்தது. வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். போகும்போது அக்கா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அவர் எடுத்திருப்பார்னு நீயும் நெனைக்கிறியா?" இல்லை என்று சொன்னேன். ஆனால் உண்மை என்னவென்றால், அந்தச் சமயத்தில் நானும் கொஞ்சம் நம்பினேன். என் கருவியை நம்ப வேண்டுமென்றால் அவரைச் சந்தேகப்பட்டே ஆக வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் தேவிகாபுரத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு முந்தைய நாளே ஊருக்கு வந்தேன். வந்ததோடு வருடாந்திரச் சர்வீஸையும் முடித்துவிடலாம் என்று மறுநாள் காலை ஏழு மணிக்குப் பட்டறைக்குப் போனேன். முதல் தடவையாகக் காலையில். புது மாஸ்டர் முதலாளிக்குச் சொந்தம். அவர் கம்ப்யூட்டர் பக்கமே திரும்புவதில்லை. திரும்பச் சொல்லி யாரும் கேட்பதுமில்லை. அடுப்பை மூட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். பலகையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை, இரண்டு திரி.

கம்ப்யூட்டரைப் பார்த்தேன். மூன்றாம் தொட்டி: நாற்பது.

அடுப்பே இல்லாத தொட்டி. போய்க் கையை விட்டேன். பச்சைத் தண்ணீர் ஜில்லென்றிருந்தது. திரும்பிவந்து பெட்டியைத் தொட்டேன். மேல்பக்கம் சாதாரணமாக இருந்தது. விளக்குக்கு நேர் மேலே இருந்த அடி மூலை வெதுவெதுவென்று சுட்டது.

என் தொழிலில் இது பாலபாடம். தொட்டியில் உள்ள கம்பி தொட்டியின் சூட்டைச் சொல்வதில்லை. பெட்டியைவிடத் தொட்டி எத்தனை டிகிரி அதிகம் என்று மட்டும்தான் சொல்லும். பெட்டி எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று அளந்து, அதோடு கூட்டிக் காட்ட, பெட்டிக்குள்ளேயே ஒரு குட்டிச் சென்சார் உண்டு. அது இருந்தது அந்த அடி மூலையில். விளக்குச் சூடு அதற்கு மட்டும் பட்டது. பட்ட சூட்டையெல்லாம் அது மூன்று தொட்டிக் கணக்கிலும் ஏற்றி எழுதியது. கதவு திறந்து காற்றடித்தால் சுடர் சாயும், எண் குதிக்கும். அந்தக் குதிப்பைத்தான் நான் சராசரி போட்டு மறைத்தேன்.

பூவை எடுத்து விளக்கைக் குளிர வைத்தேன். கால் மணி நேரத்தில் மூன்றாம் தொட்டி இருபத்தேழுக்கு இறங்கியது. பழைய பதிவுகளைத் திறந்தேன். மாமா இருந்த காலம் முழுவதும், நாள் தவறாமல், காலையில் விளக்கு ஏறிய நேரத்துக்குப் பச்சைத் தண்ணீர் பத்து டிகிரி, செவ்வாய் வெள்ளியில் அதற்கும் மேல் ஏறி, முதல் ஈடு வெளியே வந்ததும் இறங்கியிருந்தது. திரையில் தொண்ணூறு என்றால் தொட்டியில் எண்பது. அவர் விரல் சொன்ன எண்பது. அன்றைக்கு நான் அச்செடுக்காமல் விட்ட பக்கங்கள் அவை.

முக்கில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து மேனேஜரை அழைத்தேன். "பெட்டியை வேற சுவத்துல மாத்திடு. சர்வீஸ் ஷீட்ல ஒண்ணும் எழுதாத. ஆரணியில இன்னும் எத்தனை ஆர்டர் இருக்கு, யோசிச்சியா?" என்றார். யோசித்தேன். பெட்டியைக் கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டினேன். அரை மணி நேர வேலை. முதலாளி வந்து, "இன்னா தம்பி, எதுனா கோளாறா?" என்றார்.

"இல்லீங்க. சும்மா எடம் மாத்துனேன்."

கல்யாணத்துக்குப் போகவில்லை. தெள்ளாருக்கு பஸ் ஏறினேன். மில் வாசலில் மாமா உமி ஒட்டிய உடம்போடு வந்து நின்றார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் வேறு. வாயில் வந்தது வேறு.

"விளக்குதான் மாமா காரணம். பெட்டிக்குக் கீழே எரிஞ்ச விளக்கு."

பொய் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு கேவலம். எய்தவன் நானே எதிரில் நின்றுகொண்டு அம்பைக் காட்டினேன். விளக்கு அங்கே ஆண்டாண்டாக எரிந்தது. அதன் தலைக்குமேல் பெட்டியை மாட்டியவன் நான் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப என் கையால நான் ஏத்துனதுதானா?" என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

உடம்பில் ஒட்டிய உமியைத் தட்டிவிட்டுக்கொண்டே, "வேலையெல்லாம் வாணாம் மச்சான்" என்றார். "நாளைக்கு பொண்ணுக்கு எடம் பாக்கணும். அன்னிக்கி ஒரு காயிதத்துல எழுதி கையெழுத்து போட்டியே, அதே மாதிரி ஒண்ணு எழுதிக் குடு. சூடு பத்தல, மாஸ்டர் மேல தப்பு இல்லன்னு. போதும்."

சரி என்றேன். எழுதவில்லை. முதலில் கம்பெனிக்குப் பயந்து, பிறகு அந்தக் கம்பெனியை விட்டு வந்த பின்பும், இத்தனை நாள் கழித்து எப்படி என்று வெட்கப்பட்டு. வருஷங்கள் கழித்துப் பெண்ணுக்கு ஆரணியில் பார்த்த இரண்டு இடமும் தட்டிப் போயிற்று, வெளியூரில் கொடுத்தார்கள். அதற்குள் எங்கள் வீடுகளுக்கெல்லாம் செல்போன் வந்துவிட்டிருந்தது. ஒருநாள் அக்கா போனில் சொன்னாள்: "அன்னிக்கி மில்லாண்ட நீ வந்துட்டு போனதுலேருந்து உங்க மாமா சாமி வெளக்காண்ட போறதே இல்லடா. நான் ஏத்துனாகூட எழுந்து வெளியே போயிடறாரு. அப்படி இன்னாதான் சொன்ன நீ?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மாமா இன்னும் தெள்ளாரில்தான் இருக்கிறார். அவர் கேட்டது ஒரே ஒரு காகிதமும் அதன் கீழே ஒரு கையெழுத்தும். இதோ, இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். என் பெயரை இதிலும் எங்கேயும் போடவில்லை.